பஸ்ஸை முந்திய கழிசான்

"கல்முனையிலிருந்து மருதமுனைக்கு பஸ்ஸுக்கு முந்தி ஓடிக் காட்டுவன்," என்றார் பென்ஷன் எடுத்த ஸமட் மாஸ்டர். சீனி வருத்தத்துக்கு ஓடச் சொல்லி டொக்டர் சொன்னதிலிருந்து, அரைக்கால் கழிசானோடு கடற்கரையில் அவர் ஓடும் வேகத்துக்கு நண்டுகளே வழிவிட்டு ஒதுங்கப் பழகியிருந்தன.

மச்சான் ஜவுபருக்கு அந்தக் கழிசான்தான் மானக்கேடு. "தோத்தா, அதைக் கழட்டி வெச்சிட்டுச் சாரனோட வீட்ட கிடக்கணும் மச்சான்."

ஜவுபர் பஸ்ஸில் ஏறினார். மாஸ்டர் மணலில் பறந்தார். கால் நிலத்தில் பட்டதை ஒருத்தரும் காணவில்லை. மாஸ்டரின் தோல்விக்குச் சாட்சி வேண்டுமென்று வழியிலுள்ள பாண்டிருப்பு முழுக்க பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி, தெரிந்தவர்களையெல்லாம் ஏற்றினார் ஜவுபர்.

மருதமுனையில் பஸ் நின்றபோது, மாஸ்டர் சீனி போடாத பிளேன்டீயைக் குடித்து முடித்திருந்தார். சாட்சிகள் அத்தனை பேரும் ஜவுபரைப் பார்த்தார்கள்.

"ஓம், முந்தித்தான் வந்துட்டாரு," என்றார் ஜவுபர். "கழிசான் இடுப்பிலயே கிடக்கட்டும்."