ரெமெயின் முப்பத்திரண்டு

ரெமெயின் தோள்மேல் நிற்பவன் நான். அதனால் இதைச் சொல்ல எனக்குத்தான் உரிமை. எங்கள் குழுவின் மனிதக் கோபுரத்தில் அவள் அடித்தளம், நான் இரண்டாம் அடுக்கு. மீன் சந்தையில் பெட்டி தூக்கித் தூக்கி இறுகிய உடம்பு அவளுடையது. குள்ளம், அகலம், அசைக்க முடியாது.

ஞாயிறன்று திருவிழா. அடுக்குக்கு நாலு பேராக எட்டு அடுக்குக் கோபுரம், உச்சியில் மட்டும் ஒரு சின்னப்பெண். எங்கள் குழு அதை ஒருமுறைகூட முடித்ததில்லை. போன வருடம் ஏறிவிட்டோம், இறங்கும்போது சரிந்தோம். இங்கே ஸ்பெயினின் கட்டலோனியாவில், விழாமல் இறங்கினால்தான் முழுக் கோபுரம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் புதுத் தலைவர் ஃபெர்மி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்து ஊர்க் குழுவில் ஒருவர் அடியில் நின்றபடியே மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. எல்லோருக்கும் எடை, உயரம் பார்த்து பி.எம்.ஐ. கணக்கிட்டிருந்தார். முப்பதைத் தாண்டினால் அடியில் நிற்கக் கூடாதாம்.

"ரெமெய், உனக்கு முப்பத்திரண்டு. தப்பா எடுத்துக்காதம்மா, இது உடல் பருமன். ஞாயித்துக்கிழமை நீ வெளிய நின்னு பாரு."

"இத்தனை வருஷத்துல என் தோள்ல நின்னவங்க யாராவது குறை சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள் ரெமெய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "மீனைத்தான்யா நிறுத்துப் பார்த்து எடுப்பாங்க, மனுஷியை இல்ல! அவ இல்லன்னா நானும் ஏறமாட்டேன்!"

"கத்தாத எலோய். கத்தினா கணக்கு மாறிடுமா?" என்றார் டாக்டர் அசும்ப்தா. கோபுரத்தைச் சுற்றி முட்டுக் கொடுக்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். "கணக்கு சரிதான் ஃபெர்மி. ஆனா அதுக்குத் தெரிஞ்சது கிலோவும் உயரமும்தான். அந்தக் கிலோ தசையா, எலும்பா, கொழுப்பா, கொழுப்புன்னா எங்க உட்கார்ந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஒரு ஊரையே மொத்தமாப் பார்க்க நல்ல கணக்கு. ஒரே ஆளைப் பார்க்கும்போது அது முதல் கேள்விதான், தீர்ப்பு இல்ல."

"அப்போ எதைத்தான் பார்க்கறது?"

"இடுப்பையும் பாருங்க. உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். ரெமெய், அந்தக் கச்சையை அவிழு."

கோபுரம் கட்டுகிற எல்லோர் இடுப்பிலும் நீளமான கறுப்புக் கச்சை இருக்கும். முதுகுக்கு அதுதான் தாங்கல், மேலே ஏறுகிறவனுக்கு அதுதான் படி. டாக்டர் அதை வைத்து ரெமெயைக் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை அளந்து, அந்த அளவைப் பாதியாக மடித்து அவள் இடுப்பில் சுற்றினார். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, இடுப்பு பாதிக்குள்தான். ஒத்திகைக் கூடமே கைதட்டலில் அதிர்ந்தது.

"அடுத்து தலைவர்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஃபெர்மியின் பி.எம்.ஐ. இருபத்துமூன்றுதான். ஆள் கொக்கு மாதிரி, சட்டைக்குள் மட்டும் ஒரு பூசணிக்காய். அவர் உயரத்தில் பாதி அவர் இடுப்பைச் சுற்றி வரவில்லை. மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"மூச்சை விடுங்க தலைவரே, உயிர் போயிடப்போகுது!" என்றேன். ரெமெய்கூடச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க, இதுவும் முடிவு இல்ல" என்று அதட்டிய டாக்டர், இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ரெமெயிடம் ஒரு குறையும் இல்லை. தலைவரைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். ஃபெர்மியையும் பாராட்டத்தான் வேண்டும். எல்லோர் முன்னாலும், "மன்னிச்சுக்கோ ரெமெய், நீயே நில்லு" என்றார்.

ஞாயிறு. அவள் தோளில் ஏறினேன். மேலே மேலே ஆட்கள் போனார்கள், குழலும் முரசும் முழங்கின. ஏறி முடிந்ததற்கு அடையாளமாக உச்சியில் சின்னப்பெண் கை உயர்த்தியதும் சதுக்கம் ஆர்ப்பரித்தது. நாங்கள் மூச்சுகூட விடவில்லை, இறங்குவதுதானே பாக்கி. போன வருடம் போலவே பாரம் எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் கத்தினேன்.

"ரெமெய்!"

"நான் நிக்கிறேன்டா, நீ நில்லு!" என்றாள் கீழிருந்து. அந்தத் தோள் இம்மியும் அசையவில்லை. ஆட்கள் சறுக்கிச் சறுக்கி இறங்கினார்கள். கடைசியில் நானும் குதித்தேன். ஒருவர்கூட விழவில்லை!

எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தோம். நடுவில் ரெமெய் இன்னும் குனிந்தபடியே நின்றாள். அடியில் நிற்கிறவர்களுக்குக் கோபுரம் தெரியவே தெரியாது.

"என்னடா ஆச்சு? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ரெமெய்! முழுசா முடிஞ்சுது!"

அவளை அலாக்காகத் தூக்கினோம். ஒரு காலைத் தாங்கியவர் ஃபெர்மி. இத்தனை வருடத்தில் முதல்முறையாக எங்கள் தலைகளுக்கு மேலே வந்த ரெமெய், சதுக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அடேயப்பா," என்று கத்தினாள், "இவ்வளவு பேரா வருவாங்க!"