பழியும் பலியும்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் தருமராசா, ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டப் பழகினார். தமிழ்ச் சபையின் பெரிய வெள்ளி ஆராதனையில் அவரை வாசிக்க விட்டார்கள். தாளில் விரலை வைத்து வைத்து வாசித்தார்.

"கிறிஸ்து நமக்காகப் பழியானார்."

"கழுவிக் கழுவி அண்ணைக்கு எழுத்தும் வழுக்குது!" பின்வரிசையில் கனகலிங்கம் சிரித்தார்.

பாஸ்டரின் மனைவி துஷானி கிட்ட வந்தார். "அண்ணை, அது பழி இல்லை, பலி."

"என்ர கண்ணுக்குப் பழியெண்டுதான் படுது, தங்கச்சி. இஞ்ச வாற வழியில எல்லை ஆத்தைக் கடக்கேக்க தம்பியின்ர கையை விட்டவன் நான். அவனை ஆறு கொண்டுபோட்டுது. இருபத்தெட்டு வருசமா எனக்கு அந்த ஒரு சொல்லுத்தான்."

துஷானி தாளில் அவர் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார்.

"அந்தப் பழிக்குத்தானண்ணை இந்தப் பலி. அவர் சிலுவையில சுமந்து முடிச்சதை நீங்கள் ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு திரியிறியள்?"

தருமராசா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ அலுங்காமல் எடுத்து அப்பால் வைத்ததுபோல் இருந்தது. கண்ணீர் வந்தது. வரட்டும் என்று விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ரவீந்திரன் சரியான பகிடிக்காரன், எல்லாரையும் சிரிக்க வைப்பான், தெரியுமே? மேல போய் அவனைக் காணேக்க முகம் குடுத்துக் கதைப்பன்."

தம்பியின் பெயரை அவர் வாயால் அவள் கேட்டது அன்றுதான்.