நாமா, நாங்களா

...நாங்க என்றுதான் சொன்னார், நாம என்று சொல்லவில்லை, என் காதில் நன்றாகவே விழுந்தது, ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "சாயங்காலம் நாங்க கிளம்புறோம், அக்கா வீட்டு வேன் வருது", அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார். நானும் மரமண்டை மாதிரி கையில் டம்ளரோடு நின்றேனே, நானுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாயை யாராவது தைத்தா வைத்திருந்தார்கள்... கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான் பயம். நாங்க என்றால் யார் யார், அவரும் அவர் அக்காவும் அத்தானும், சரி, போகட்டும், பாப்பா? பாப்பா அந்த நாங்கவுக்குள் இருக்கிறாளா, இல்லை என்னோடு வெளியே நிற்கிறாளா? அவள் பிறந்தது ஆற்றுக்கு இந்தக் கரையில், அவளை எந்த சோதனைச் சாவடியிலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். என்னை அல்லவா கேட்பார்கள்.

கண்ணாடிக் கடையைத் திறந்துதான் இருக்கிறார் முதலாளி, ஊரே சண்டைக்குப் பயந்து மூட்டை கட்டினாலும் நம் கடையில் கூட்டம் குறையவில்லை, ஓடுகிறவர்களுக்கு முதலில் உடைவது மூக்குக் கண்ணாடிதானே. எதிரே ஒரு பெரியவர், சாவடியில் தள்ளிவிட்டதில் இரண்டு பக்கமும் நொறுங்கிவிட்டதாம், வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா என்று கேட்கிறேன், "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்கிறார், நன்றாகப் பாருங்கய்யா, "நீயே பார்த்து ஒண்ணைச் சொல்லேன், நான் சரின்னுடறேன்"... அட ராமா, இவர் கண்ணுக்கு நான் எப்படிப் பார்ப்பது. நாங்க, நாம, எனக்கும் ஒன்றுதான் போல, சில பேர் மாற்றித்தான் பேசுவார்கள், ஆனால் என் வீட்டுக்காரர் அப்படி இல்லையே, இவர் வாயில் நாமவைத் தவிர எதுவும் வராதே, பாப்பா வயிற்றில் இருந்தபோது டாக்டரம்மாவிடம் போய் "நமக்கு இது மூணாவது மாசம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் சேர்த்தா சார்?" என்றாளே, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. அந்த மனுஷன் இன்றைக்கு நாங்க என்கிறார். எப்போது மாறினார்? பாலத்தை மூடிய அன்றைக்கா, போன வாரம் பஸ்ஸிலா? என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு பஸ் மொத்தத்தையும் இறக்கி வெயிலில் நிறுத்தினார்கள், நான் அக்கரையில் பிறந்தவளாம், ஒரு பெண் "இவளால எங்களுக்கும் கஷ்டம்" என்று சத்தமாகவே முணுமுணுத்தாள், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், பிடித்திருந்தாரா, பிடித்திருந்தார், அப்புறம் விட்டார், வியர்த்ததனால் விட்டிருப்பார். நான் ஏறினால் அந்த வேனும் அப்படித்தான் நிற்கும். அதை யோசிக்க மாட்டாரா, நானே யோசிக்கிறேனே. பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னம்மா, உனக்குக் கண் கலங்குது?" என்கிறார், இந்தக் கண் மட்டும் எப்படித் தெரிந்தது இவருக்கு.

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டேன், நடக்கிறேனா ஓடுகிறேனா, அந்தப் பக்கம் ஏதோ வெடிக்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகிவிட்டது சனியன்... வேன் போயிருந்தால்? போயிருந்தால் போகட்டும், நான் தனியாளாக இருந்துகொள்கிறேன், இல்லை, இல்லை, பாப்பாவை எப்படி விடுவேன், பெற்றவள் நான், அவள் சட்டைக்குப் பொத்தான் போடக்கூட அத்தைக்குத் தெரியாது, ஆனால் அவள் உயிரோடு இருந்தால் போதாதா, பொத்தான் ஒரு கேடா. தெருமுனை திரும்பினால் வேன் நிற்கிறது. மேலே மெத்தையெல்லாம் கட்டியாயிற்று. ஜன்னலில் பாப்பா, நாத்தனார் மடியில், "அம்மா, நாங்க ரெடி!" என்று கத்துகிறாள். பாவி, இவளுமா.

அவர் குதித்து இறங்கி வந்தார், "எங்கடி போய்த் தொலைஞ்ச, உயிரே போயிடுச்சு" என்றார், முகமெல்லாம் தூசி. கேட்டே விட்டேன், காலைல நாங்கன்னுதானே சொன்னீங்க? விழித்தார். "நாமன்னுதானே சொன்னேன்?" நிஜமாகவே புரியாதவர் போலத்தான் இருந்தது, பொய் சொன்னால் இவருக்குக் காது சிவக்கும், சிவந்திருந்ததா, தூசியில் என்ன தெரிகிறது. நாத்தனார் நேர் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தைப் பையை வைத்துப் பிடித்திருந்தாள், எனக்கா, பைக்கா? அப்படியென்றால் நாள் முழுக்க நான் எதைக் கேட்டேன், என் காதா, என் பயமா... "ஏறு" என்று கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன், ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தேன். மாடி வீட்டு அக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் கிளம்பியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றேன், "கிளம்புறாங்க."