நடந்து காட்டியவள்

எலும்பு உடைந்து எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆய்வகத்தின் நீள மேசையில் அது இரண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் நடமாடிய யாரோ ஒருவனின் தொடை எலும்பு. முழங்கால் முனையில் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, கண்ணாடிபோல் பளபளத்த இடம்தான் அதன் பெருமை. விரிசல் சரியாக அதன் நடுவே ஓடியது.

உதவியாளப் பெண் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் வைத்தபடி நின்றாள். எதிரே துப்புரவு அக்கா. உடைத்தது அக்காதான் என்று, இன்றோடு அவள் சீட்டைக் கிழித்துவிடுவதாகப் பேச்சு.

அக்காவுக்கும் முழங்கால் தேய்மானம். போன மாதம் இதே அறையில் மாணவர்கள் முன்னால் துறைத் தலைவர் அவளை நடக்கவிட்டார். "பார்த்துக்கோங்க, இந்த எலும்புக்காரன் இப்படித்தான் நடந்திருப்பான்." அக்கா சிரித்துக்கொண்டே நான்கு முறை போய்வந்தாள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். உதவியாளப் பெண்ணும்தான்.

"இன்னொரு தடவை நட," என்றார் தலைவர். "எங்க இடிச்சேன்னு பாப்போம்."

"மேசைப் பக்கமே நான் வரல சார்."

"அப்ப எலும்புக்குக் கால் முளைச்சு அதுவா குதிச்சுதா? நட."

அக்கா நடந்தாள். இடது கால் இழுத்தது. மேசையருகே உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. தலைவர் அளவு நாடாவை எடுத்து, இடுப்புக்கும் விளிம்புக்கும் நடுவே பிடித்தார்.

"இருபது சென்டி. வலி கூடுன அன்னிக்கு இன்னும் சாஞ்சிருப்ப."

அக்காவின் முகம் மாறியது. "எனக்கே தெரியாம இடிச்சிருப்பேனோ?" உதவியாளப் பெண்ணைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. அன்னிக்குக் காலைல நீதானே இருந்த."

"சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் அவ வாயத் திறக்கல," என்று தலைவர், அக்கா உடைத்ததாக எழுதிய தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடு."

அக்காவின் கையிலிருந்து பேனா நழுவி, உதவியாளப் பெண்ணின் காலடிக்கு உருண்டது. அவள் குனிந்தாள். கைகள் வெளியே வந்தன. இஞ்சிக் கணுக்கள்போல் வீங்கிய விரல்கள். பேனாவைப் பிடித்தாள், விழுந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் விழுந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் கவனித்தாள். வலிக்கிற காலை நீட்டிச் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்து, அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள்.

"ஐயோ, உனக்குமா? இந்த வயசுலயா? காலைல எழுந்ததும் வெந்நீர்ல வைம்மா. கொஞ்சம் மடங்கும்."

"அக்கா," என்றாள் அவள். குரல் அறை முழுக்கக் கேட்டது. "எலும்பைக் கீழ போட்டது நான்."