ஆபித் விட்டுக்கொடுத்த சீட்

சிங்கப்பூர்க்காரர்கள் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள் என்று ஆபித்துக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் ரங்கூனில் சூலே பகோடா பக்கத்து ஓட்டல் ஒன்றின் இரண்டாவது மாடியில், ஏசி போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் பேர் ஏங்குகிற ஒரு பல்கலைக்கழக இடத்தைத் தன் வாயாலேயே இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தான். கொடுத்ததோடு விடாமல் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லி, கதவையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். அவனுக்கு மரியாதை தெரியாது என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிட முடியாது.

அது 2006ஆம் வருஷத்துக் கோடை. ஆபித் ரங்கூனுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதல் வருஷம் முடித்திருந்தான். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்ந்தால் சயா என்கிற வாத்தியார் வந்திருக்க மாட்டார். சயா வந்த நாளில் கரண்ட் வந்திருக்காது. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் கேள்வி, பதில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். மனப்பாடம் செய்தவன் கெட்டிக்காரன். அந்தக் கணக்குப்படி ஆபித் மகா கெட்டிக்காரன், வகுப்பில் முதலாவது. காற்புள்ளியைக்கூட விடாமல் ஒப்பிப்பான்.

சிங்கப்பூரில் இருந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகம், வேறு இடத்தில் முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ முடித்தவர்களில் மிகச் சிலரை நடுவில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் படித்துவிட்டால் வாசல் மூடிவிடும். ரங்கூனில் எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். அதன் பிறகு நேர்முகத்துக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டார்கள். ஒருவன் ஆபித். இன்னொருத்தி ஷிரின்.

ஷிரின் அடுத்த தெருக்காரி, ஆபித்தின் பல்கலைக்கழகத்திலேயே கணிதம் படித்தவள். சின்ன வயதில் இருவரும் குர்ஆன் ஓதப் போனது ஒரே இடத்தில். அவளுடைய உம்மா கமருன்னிசா, பபேடான் கடைத்தெருவில் நூல், பொத்தான், சரிகை விற்கும் சிறிய கடை வைத்திருந்தாள்.

ஓட்டல் அறையில் நேர்முகம் எடுத்த சிங்கப்பூர் மேடம் முதலில் ஊர், வீடு, வாப்பாவின் கடை என்று பொதுவாக விசாரித்தார். ஆபித்தின் வாப்பா முத்து முகம்மது, பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவர். அதைக் கேட்டு மேடம் சிரித்தார். ஆபித்துக்குத் தெம்பு வந்துவிட்டது. கடைசியில் அவர் கேட்டார்:

"வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். என்னைவிட அவள் நன்றாகப் படிப்பாள்."

"அப்படியா? ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் யாருக்குக் கொடுக்கச் சொல்வாய்?"

இங்கேதான் ஆபித்தின் உம்மா ரஹீமா இத்தனை வருஷமாக வளர்த்த வளர்ப்பு குறுக்கே வந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "இப்பத்தான் சாப்பிட்டேன்." மூன்றாவது தடவை அவர்கள் கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்கார வேண்டும். ரங்கூனில் கொடுக்கிறவர்களுக்கும் இது தெரியும். வாங்குகிறவன் பசியில் செத்தாலும் மூன்றாவது தடவை வரை கேட்டே தீருவார்கள். அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடக் கூடாதே என்ற இந்தக் கூச்சத்தைப் பர்மியர்கள் ஆனாடெ என்பார்கள். தமிழர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்; அதைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவளுக்கே கொடுங்கள் மேடம்," என்றான் ஆபித்.

"உனக்கு வேண்டாமா?"

"பரவாயில்லை மேடம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தான். ஏசி உறுமியது. மேடம் பேனாவை மூடி வைத்து, "வந்ததற்கு நன்றி" என்றார்.

வெளியே ஷிரின் நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் ஆபித். படியில் இறங்கும்போது, மேலேயிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒருவர் வாயிலிருந்தாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆபித் அலைந்தான். ரங்கூனில் மழையில்கூட நனையாமல் போய்விடலாம், இந்தக் கேள்விக்குப் பதில் வாங்க முடியாது.

முதலில் தின்கன்ஜூன் பேட்டையில் இருந்த நண்பன் கோபிகிருஷ்ணனிடம் போனான். கோபியின் அம்மா பர்மியர், அப்பா தமிழர். சினிமா பார்த்துப் பழகிய தமிழில், எல்லோரையும் கதாநாயகன் மாதிரி ஒருமையில் அழைப்பான். டீக்கடைச் சின்ன முக்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, ஆபித் நடந்ததையெல்லாம் சொன்னான்.

"நீயே வேணாம்னு சொன்னியா?" என்றான் கோபி.

"சும்மா மரியாதைக்குச் சொன்னேன்டா. இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"கேக்கலையா?"

"கேக்கலை."

கோபி டீயைச் சாஸரில் ஊற்றி ஊதினான். "கெடைக்கும்டா. கெடைக்காம எங்க போவும்?"

"நெஜமா சொல்றியா?"

"டீ குடி, ஆறிடும்," என்றான் கோபி.

அடுத்து, சிபாரிசுக் கடிதம் கொடுத்த பேராசிரியை, சயாமாவைப் பார்க்கப் போனான். அவர் பெயர் டோ தான்-தான் எயி. மாணவன் மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லாதவர், அதனாலேயே ஒரு மாணவனுக்கும் எங்கே தப்பு என்று தெரியாது. அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பர்மியர்கள் விருந்தாளிக்கு வைக்கும் ஊறுகாய்த் தேயிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"போய்ப் பேசிட்டு வந்ததே பெரிய விஷயம்," என்றார் பர்மியத்தில்.

"எனக்குக் கிடைக்குமா சயாமா?"

"இந்த வேர்க்கடலை நல்லா இருக்கும், போட்டுக்க."

ஆபித் முதல் தடவை வேண்டாம் என்றான்.

வாப்பாவிடம் கேட்பதற்கு அர்த்தமே இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் "இன்ஷா அல்லாஹ்" என்பார். வாடிக்கையாளர் ஒருவர் இந்தப் பூட்டு துருப்பிடிக்காதே என்று கேட்டாலும் அதையேதான் சொல்வார். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "பையன் சிங்கப்பூருக்குப் போறான்," என்று முடிந்த காரியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஆபித் ஆணிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவான். அந்த மூன்று வாரத்தில் அவர்கள் கடை மாதிரி ஒழுங்காக அடுக்கிய கடை பபேடானிலேயே கிடையாது.

முடிவு வந்தது. இன்டர்நெட் கடையில் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே, திரையில் எழுத்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஆபித்துக்கு வந்த கடிதத்தில் "வருந்துகிறோம்" என்று இருந்தது. ஷிரினுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி, அவன் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

ரஹீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடையில் வாப்பா கல்லாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதை ஆபித்தால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொன்னான்.

"நாந்தான் விட்டுக்கொடுத்தேன் வாப்பா. அவளுக்கே கொடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இதில் மோசம்.

வாப்பா முதலில் கத்தினார். கடையில் இருந்த சுத்தியலைக் கையில் எடுத்தார், வைத்தார். பிறகு முகம் மெல்ல மாறியது. "அது பொம்பளப்புள்ள. வாப்பா இல்லாத புள்ள," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்மவன்டா நீ," என்றார்.

அப்புறம் அந்தக் கதை ஆபித்தின் கையில் இல்லை. கோபி தின்கன்ஜூனில் அதற்குக் கொஞ்சம் மசாலா சேர்த்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தெருக்காரர் அப்துல் அஜீஸ் மாமா தன் செருப்பை விட்டுவிட்டு ஆபித்தைக் கட்டிப்பிடித்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்றார். டீக்கடையில் அவனுக்கு மட்டும் பால் கூடுதலாக வந்தது. ஆபித் இதையெல்லாம் "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லை," என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டான். ராத்திரி படுக்கும்போது அவனுக்கே கண் கலங்கியது, தன்னை நினைத்து. இவ்வளவு நல்லவன் இவ்வளவு நாளாக இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறான், யாருக்கும் தெரியவில்லையே என்று நினைத்தான்.

ஒருநாள் கமருன்னிசா மாமி ஒரு தூக்குச்சட்டி நிறைய டான்பாவ் பிரியாணி அனுப்பி வைத்தாள். கோழிக்கால்கள் மேலே தெரிந்தன. "நம்ம ஆபித்துக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். தியாகத்துக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடையில் வாப்பாவும் அவனும் மட்டும் இருந்தபோது, ஷிரின் வந்தாள். முகத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும்.

"வாம்மா," என்றார் வாப்பா. "உக்காரு. டீ சொல்லவா?"

"வேண்டாம் மாமா. இவன்கூடப் பேசணும்."

"இருந்து ஒரு டீ குடிச்சிட்டு..."

"வேண்டாம்னா வேண்டாம் மாமா," என்றாள். வாப்பா இதற்குமுன் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கல்லாவைத் திறந்து உள்ளே பார்த்தார்.

ஷிரின் ஆபித்தைப் பார்த்தாள்.

"போன வாரம் எங்க வீட்டுப் பிரியாணி நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா..."

"எதுக்கு வந்துச்சுன்னு எனக்கு மறுநாள்தான் தெரியும். எங்க உம்மா தெருவெல்லாம் சொல்லிட்டிருக்கா, ஆபித் போட்ட பிச்சையிலதான் எம்மவ படிக்கப் போறாளாம்."

"பிச்சைன்னு நான் சொல்லலையே ஷிரின். சும்மா..."

"விட்டுக்கொடுத்தேன்னு சொன்னே."

ஆபித் ஒரு தாழ்ப்பாளை எடுத்துக் கையில் வைத்துத் திறந்து மூடினான்.

"ரெண்டு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கணக்கு போட்டிருக்கேன்," என்றாள் ஷிரின். "கடைசியில பார்த்தா, அது உன்னோட நல்ல மனசாம். எனக்குச் சோறே இறங்கலை. அதனால அந்த மேடத்துக்கு எழுதினேன். அந்தப் பையன் சொன்னதுக்காக எனக்குக் கொடுத்திருந்தா, எனக்கு வேண்டாம்னு எழுதினேன்."

ஆபித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம்னா எழுதினே? பைத்தியமா உனக்கு? அவங்க ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க!"

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். பதிலும் வந்திருச்சு. உன்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க. நீ கேட்டிருந்தா உனக்கே சொல்லியிருப்பாங்களாம். நீ கேக்கவே இல்லையாமே?"

கேட்கவில்லை. கோபியைக் கேட்டான், சயாமாவைக் கேட்டான், தலையணையைக்கூடக் கேட்டான். முடிவெடுத்தவர்களைக் கேட்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க ரெண்டு பேரை எடுக்கத்தான் வந்தாங்க. ஒரு சீட் எனக்கு. இன்னொண்ணை யாருக்கும் கொடுக்கலை."

"யாருக்கும்?"

"யாருக்கும். காலியாவே விட்டுட்டுப் போயிட்டாங்க. நீ எனக்கு விட்டுக்கொடுக்கலை ஆபித். ஒரு காலி நாற்காலி உன்னை ஜெயிச்சிருக்கு."

வாப்பா கல்லாவை மூடும் சத்தம் கேட்டது.

ஆபித்துக்கு வெட்கத்துக்கு முன்னால் ரோஷம் வந்தது. "நான் வேண்டாம்னு சொன்னதனாலதானே?" என்றான். குரல் கெஞ்சலாக வந்தது. தன் தியாகத்தில் கொஞ்சமாவது, ஒரு கால் பங்காவது மிச்சம் வைப்பாளா என்று பார்த்தான்.

"அதை அவங்க கணக்கிலேயே எடுத்துக்கலை. பசங்க பயத்துல ஏதாவது உளறுவாங்கன்னு விட்டுட்டாங்களாம்."

"அப்போ எதனால?"

"எழுத்துப் பரீட்சை. நேர்முகத்துல உன்னைப் பார்த்தா சரியாயிடுமோன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. அஞ்சு கணக்குல நாலுக்கு நீ அழகா, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம விடை எழுதியிருக்கே. எல்லாமே சரியான விடை. ஆனா வேற கேள்விக்கு."

ஆபித்துக்கு அந்தப் பரீட்சை ஞாபகம் வந்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும், இது நம்ம பாடத்தில் வருகிறதே என்று சந்தோஷப்பட்டு, படித்ததை மளமளவென்று எழுதியதும், எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெளியே வந்ததும் ஞாபகம் வந்தன. கேள்விகளை முழுவதும் படித்ததாக மட்டும் ஞாபகம் இல்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்கு வழியாக, பாதி அழுகையாக வந்தது.

"மாமிகிட்ட நானே வந்து சொல்லிடறேன்," என்றான். "அப்துல் அஜீஸ் மாமாகிட்டயும் சொல்றேன். கோபிகிட்ட சொன்னா அதுக்கும் மசாலா போடுவான். அவன்கிட்ட எழுதியே கொடுத்துடறேன்."

ஷிரின் முகத்தில் கோபம் கொஞ்சம் தளர்ந்தது. "சொல்லு. முதல்ல எங்க உம்மாகிட்ட சொல்லு," என்றாள்.

"நீ போறேல்ல? அவங்க ஒண்ணும் மாத்தலையே?"

"போறேன். ஆகஸ்ட்டுல."

"நல்லது," என்றான் ஆபித். அவன் அந்த மாதம் முழுவதும் சொன்ன சொற்களில் மூன்று தடவை கணக்கு எதுவும் இல்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அவள் கிளம்பத் திரும்பினாள். ஆபித் தாழ்ப்பாளைக் கீழே வைத்தான். அடுத்த வருஷம்தான் அவனுக்குக் கடைசி. அதோடு அந்த வாசல் மூடிவிடும். பிறகு வயல் நடுவே அதே பல்கலைக்கழகம், அதே இரண்டு பஸ், கடைசியில் ஒரு பட்டமும் இந்த ஆணிப் பெட்டிகளும். ஊரில் அத்தனை பேரையும் கேட்டுவிட்ட கேள்வியை அவளிடம் மட்டும் அவன் கேட்டிருக்கவில்லை.

"ஷிரின், அடுத்த வருஷம் திரும்ப எழுதினா எனக்குக் கிடைக்குமா?"

"இன்ஷா..." என்று வாப்பா கல்லாவுக்குப் பின்னாலிருந்து தொடங்கினார்.

"கிடைக்காது," என்றாள் ஷிரின். "இப்படியே படிச்சா கிடைக்காது. கணக்கை முதல் பக்கத்துலேர்ந்து நீயே போட்டுப் பார்த்தா, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."