எண்பத்தொன்றாவது எழுத்து

எழுபத்தெட்டில் தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்குத் தனி அறை, ஏ.சி., போதாததற்குப் பத்து வருஷமாக மின்விசிறி கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாக்களின் வயிற்றெரிச்சல். இத்தனை இருந்தும் தினம் நாலு தடவை படுத்துக்கொண்டது.

குமாஸ்தாக்கள் பேப்பர் டேப்பில் குத்தும் எழுத்துகளைப் படித்து மெமரியில் சேர்க்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவன் சங்கரபாண்டியன். "உப்புக்காத்து மிஷினுக்கு ஒத்துக்கல" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து மேனேஜர் வருகிறார். அவர் கண்ணெதிரே மிஷின் விழுந்தால் அது லாரியேறிப் போய்விடும், அவன் வேலையும் போய்விடும். 

புதன்கிழமை மெமரி முழுவதையும் அச்சடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் தவழ்ந்து தேடினான். டிரைவர் ஒரு வரிக்கு ஒதுக்கிய இடம் எண்பது எழுத்து. அதை ஒட்டினாற்போல் மிஷினின் உயிர்நாடியான கெர்னல். எண்பத்தொன்றாவதாக ஒரு எழுத்து வந்து கெர்னலின் மடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சரக்குப் படிவத்தில் எந்த வரியும் எண்பதைத் தாண்டாது. பிறகு இது யார் வீட்டு விருந்தாளி?

டேப்பை எடுத்துப் பார்த்தான். குமாஸ்தா ஆவுடையப்பன் குத்திய ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு 2 இருந்தது.

"அண்ணாச்சி, இது என்னது?"

"பிள்ளையார் சுழிதாம்லே. மிஷின்ல உ இல்ல. ரெண்டுதான் கொஞ்சம் சாடையா இருந்துச்சு."

இனிகோவின் டேப்பில் சிலுவைக்காக ஒரு +. காயல்பட்டினத்து மொகுதூமின் டேப்பில் பிஸ்மில்லாவுக்காக 786. சின்ன வரி என்றால் மிஷின் பிழைத்தது, நிறைந்த வரி என்றால் விழுந்தது.

"இனிமே போடாதிய, அண்ணாச்சி."

"அது போடாம ஒரு காரியத்த எப்படிலே தொடங்க?" என்றார் ஆவுடையப்பன். மற்ற இருவரும் அதையே சொல்லித் தலையாட்டினார்கள்.

வரியின் நீளத்தைத் தன் புரோகிராம் சரிபார்ப்பதே இல்லை என்று சங்கரபாண்டியனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் சோம்பல் யாரை விட்டது? எண்பதை எண்பத்துமூன்றாக அகட்டினான். மூன்று மதமும் தாராளமாக அடங்கின. வியாழன் முழுக்க மிஷின் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த மேனேஜர், "நானே ஒரு வரி குத்துறேன்" என்று உட்கார்ந்து, தலையில் ஸ்ரீராமஜெயம் என்று ஆங்கிலத்தில் குத்தினார். சங்கரபாண்டியன் விரல்விட்டு எண்ணினான். பன்னிரண்டு எழுத்து. அதை ஒட்டி அதே வரியில் எண்பது எழுத்தையும் நிறையக் குத்தினார். மிஷின் விழுந்தது.

"உப்புக்காத்தா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். என் தப்புதான். நீளம் பாக்காம விட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணுதேன்."

அவர் ரயிலேறும்வரை அவகாசம் தந்தார். எண்பத்துமூன்றைத் தாண்டி வருவதை உள்ளே விடாத ஐந்து வரிகளை அவன் எழுதினான். எதற்கும் இருக்கட்டும் என்று, மிஷின் கண்டுகொள்ளாத குறிப்பாகப் புரோகிராமின் தலையில் 2, +, 786, ஸ்ரீராமஜெயம் எல்லாவற்றையும் போட்டுவைத்தான். மேனேஜரின் வரியை மறுபடி ஓட்டினார்கள். மிஷின் விழவில்லை. அதுவும் அவன் வேலையும் தூத்துக்குடியிலேயே தங்கின.

அச்சடித்துச் சுவரில் ஒட்டிய புரோகிராமைப் பார்க்க மூன்று குமாஸ்தாக்களும் வந்தார்கள். அந்த ஐந்து வரிகளை ஒருவரும் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் முதல் வரியிலிருந்த 2-இன் மேல் விரலை வைத்தார்.

"பாத்தியாலே, இத அன்னைக்கே போட்டிருந்தா இம்புட்டுப் பாடு பட்டிருக்க வேண்டாம்லா."