காடிஸ் நகரில் ஒரு பகல்

ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் படம் காட்டாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. மிதுனனும் அவன் மனைவி தக்ஷிகாவும் ஞாயிறு மத்தியானம் அம்மாவும் தங்கை அட்சயாவும் இருக்கும் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு போனைத் தொலைக்காட்சியில் தொடுத்துவிட்டார்கள். அட்சயாவுக்கு அப்போதே எரிச்சல். அப்பாவின் அஸ்தியைப் பற்றிப் பேச வரச்சொன்னால், இவர்கள் ஸ்பெயின் காட்ட வந்திருக்கிறார்கள்.

அப்பா தில்லையம்பலம் மாசியில் மோசம் போனார். கொள்ளி வைத்தது மிதுனன். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. பன்னிரண்டாம் மாடியில் வீட்டுக்கு வெளியே என்று ஓர் இடமும் கிடையாது. ஆகவே அம்மா பாலேஸ்வரி அஸ்தி இருந்த மண்முட்டியின் வாயில் சிவப்புத் துணி கட்டிக் கொடுக்க, அது மோர்னிங்சைட்டில் மிதுனனுடைய கராஜுக்குப் போனது. "இந்த ஊர் ஏரியிலை மட்டும் என்னைப் போட்டிடாதேங்கோ. உப்பில்லாத தண்ணி," என்று மனுசன் சொல்லியிருந்தார். ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பதென்று எல்லாரும் கூடி எடுத்த முடிவு.

மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, உடுப்பு மாற்றியவள் அட்சயா. கொள்ளி வைக்கத்தான் பெண்பிள்ளையை விடவில்லை, கரைக்கும்போதாவது பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அடுத்த மாதத்துக்கு லீவும் எடுத்து டிக்கெற்றும் போட்டிருந்தாள். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

"உது காடிஸ்," என்றாள் தக்ஷிகா. "மூவாயிரம் வருசப் பழைய ஊராம். மூண்டு பக்கமும் கடல். நாங்கள் சுற்றுலாப் போன கப்பல் காலமை இறக்கிவிட்டது, பின்னேரம் ஏத்தினது."

ஒரு பகலுக்கே இத்தனை படம். மஞ்சள் கூம்பு வைத்த பெரிய தேவாலயம், இரண்டு பேர் விலத்தி நடக்க முடியாத தெருக்கள், கடதாசிச் சுருளில் பொரித்த மீன். எல்லாவற்றிலும் மிதுனன் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா போய் ஒரு வருசம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை, அதுக்குள்ளை உல்லாசப் பயணம்," என்றாள் அட்சயா.

"டிக்கெற் முதலே போட்டது. சும்மா தொடங்காதை."

அடுத்த படம் கடலோரத்து மதில். தக்ஷிகா காற்றில் தொப்பியைப் பிடித்தபடி சிரிக்கிறாள். அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில், மதிலின்மேல், சிவப்புத் துணி கட்டிய முட்டி.

மிதுனன் பாய்ந்து தக்ஷிகாவின் கையிலிருந்து போனைப் பறித்தான். தொலைக்காட்சியில் படம் அசையவில்லை.

"அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்," என்றான். "கடல் கடல்தானே. அப்பா கேட்டது உப்புத் தண்ணி. உது அத்திலாந்திக் சமுத்திரம், உப்புக்கு என்ன குறை?"

"அம்மாவைக் கேட்டனியோ? என்னைக் கேட்டனியோ?"

"நான்தான் கொள்ளி வைச்சனான். எனக்கு உரிமை இருக்கு. கராஜிலை அதை வைச்சுக்கொண்டு தக்ஷிகாவுக்கு நித்திரையில்லை."

"மீன் தின்ன முதலோ, திண்ட பிறகோ கரைச்சனி?"

மீன் படம் முதலே வந்துபோயிருந்தது; படங்கள் வந்த ஒழுங்கே பதிலாக இருந்தது. கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் அட்சயாவுக்கு அவன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது.

"எந்த இடம்? அதையாவது காட்டு."

"மதிலுக்கு அங்காலை. பொலிஸ்காரன் ஒருத்தன் எங்களைப் பாத்துக்கொண்டு வந்தான். ஒரு தேவாரம்கூடச் சொல்ல நேரமில்லை, அவசரமாக் கொட்டினனான். சரியான காத்து வேறை."

பேச்சுவாக்கில் அவன் விரல் போனில் பட்டு அடுத்த படம் வந்தது. அதில் அவன் தெருக்கடையில் வாங்கிய புத்தம்புது ரீசேட் போட்டிருந்தான்.

சோபாவில் இருந்த பாலேஸ்வரி கேட்டாள். "வெள்ளைச் சட்டை எங்கை?"

"காத்து திருப்பி அடிச்சிட்டுது அம்மா. சாம்பல் மேலெல்லாம் பட்டு…"

"சட்டை எங்கை எண்டு கேட்டனான்."

"கப்பலிலை தோய்க்கக் குடுத்தனாங்கள்."

தக்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். பாலேஸ்வரி எழுந்து வந்து மகனின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினாள். பாதிதான் குடித்திருந்தான்.

"நான் செத்தால் அட்சயா கொள்ளி வைக்கட்டும்."

"என்னம்மா கதைக்கிறியள்? பொம்பிளைப் பிள்ளையள் வைக்கிறேல்லை. சனம் என்ன சொல்லும்?"

"ஆம்பிளைப் பிள்ளை வைச்ச மனுசன்தானே சவர்க்காரத் தண்ணியோடை போனது. எழும்பு."

அட்சயா போய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.